அக்கா குடித்த காப்பி

அக்காவின் மாத்திரையை நான்தான் பிளேடால் நறுக்கிக் கொடுப்பேன். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கை நிதானம் போதும். முதலில் முழு மாத்திரையில் ஓர் ஓரத்தை மட்டும் தள்ளினேன். சில வாரங்கள் கழித்து இன்னும் கொஞ்சம். பிறகு பாதி. காகிதத்தில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைத் தூளை அக்கா விரல்நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வாள். அதையும் அளவில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சொல்ல மாட்டேன்.

அக்கா பெயர் சந்திரவல்லி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியகருப்பன் மாமாவின் மூத்த மகன் வீரணனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மழைக்கு முன்னால் தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மேலே வெட்டிய கிளை தப்பி, கீழே நின்றிருந்த மச்சான் மேல் விழுந்தது. மலையிறக்கிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

அக்கா அழவில்லை. தூங்கவும் இல்லை. மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினாள். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் அது நிற்கவில்லை. பழைய சீட்டைக் காட்டினாலே கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. அப்பத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள், மொக்கம்மாள் என்று. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அக்கா அவளைக் கிளி என்பாள். மற்றவர்கள் பாப்பா என்பார்கள்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை மலைமேல் ஸ்டோர் என்று சொல்வார்கள். உள்ளே விறகுச் சூட்டில் தகரக் குழாய்கள் தணலாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு மத்தியானம் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள் அக்கா. குழந்தை எழுந்து ஸ்டோருக்குப் போய்க் குழாயைத் தொட்டுவிட்டது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் அந்த அலறல் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. மாமியார் தோளைப் பிடித்து உலுக்கியபோது, கண்ணைத் திறந்து, "விடிஞ்சிருச்சா அத்தே?" என்று கேட்டாளாம்.

குழந்தையை வைத்துக்கொண்டு அக்காவை மட்டும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பெரியகருப்பன் மாமா எங்கள் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "மாத்திரை இல்லாம ஒம் மக எந்திரிச்சு நடமாடட்டும் மாப்ளே. புள்ளைய நானே கொண்டாந்து விடுறேன்."

அப்பாவும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். அன்று போட்டு வைத்த காப்பியைத் தொடாமல் அவர்கள் ஜீப்பில் ஏறிப் போனார்கள். எங்கள் பக்கத்தில் மனத்தாங்கல் உள்ள வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். என்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து காப்பி குடிக்கிறார்களோ, அன்றைக்குத் தாங்கல் தீர்ந்தது. அதற்குப் பிறகு பழைய விஷயத்தை எடுத்துப் பேசுகிறவனை ஊரில் மதிக்க மாட்டார்கள்.

அக்காவை நான் தேனியில் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அக்கா தலையைக் குனிந்தே இருந்ததால் டாக்டர் என்னிடம் பேசினார். "டக்குனு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். மெல்ல மெல்லக் குறைங்க. குறைச்சு முடிக்கிற வரைக்கும் காப்பி, டீ ரெண்டும் வேண்டாம். நீங்க மலையடிவாரம்தானே? ஜீப்பு எறங்கும்போது பிரேக்கை விட்டுட்டா எப்படி இருக்கும்? அந்த மாதிரி நேரத்துல ஆக்சிலேட்டரையும் மிதிக்கிறதுதான் காப்பி."

எங்கள் வீட்டில் இது சுலபமில்லை. அப்பா தவசி, காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் மேஸ்திரி. கொட்டை வீட்டுக்கே வரும். அம்மா இரும்புச் சட்டியில் வறுத்து, சுவரில் முடுக்கிய கைமெஷினில் அரைப்பாள். காலையில் எங்கள் தெருவே அந்த வாசனையில்தான் எழுந்திருக்கும். அக்காவுக்காக அம்மா வறுப்பதை நிறுத்தினாள். சுக்கும் மல்லியும் தட்டிப் பால் ஊற்றிக் கொடுத்தாள்.

"இது காப்பியா கஷாயமா?" என்றாள் அக்கா முதல் நாள்.

"குடிடி. ஒடம்புக்கு நல்லது."

"மேல கன்னு போட்ட மாட்டுக்குத்தான் இத ஊத்துவாக."

"அந்த மாடெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

அப்பா வீட்டில் குடிப்பதை விட்டுவிட்டு மார்க்கெட் பக்கம் கடையில் குடித்துவிட்டு வருவார். வாசலில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். "அய்யா, மீசைய விட்டுட்டீக" என்பாள் அக்கா. அப்பா திரும்பிப் போய் மீசையையும் துடைப்பார். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது அப்படித்தான்.

மற்ற நேரங்கள் அப்படியில்லை. அளவைக் குறைத்த ஒவ்வொரு முறையும் அக்காவுக்குச் சத்தங்கள் பெரிதாகிவிடும். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தால் இவள் மார்பைப் பிடித்துக்கொள்வாள். ரவிக்கை முதுகு நனைந்துவிடும். குடத்தைத் தூக்கினால் தண்ணீர் தளும்பும். பிறகு மெல்ல அடங்கும். அடங்கியதும் அவளே பிளேடை எடுத்து என் முன்னால் வைப்பாள்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டும்க்கா."

"அதுக்குள்ள அவ என் மொகத்த மறந்துருவாடி."

மத்தியானத்தில் அவள் படுக்கவே மாட்டாள். கண் சொக்கினாலும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருப்பாள். "பாரு, முழிச்சிருக்கேன்ல?" என்று என்னைக் கேட்பாள். யாரோ வந்து சோதிக்கப்போவது போல.

தை பிறந்து கொஞ்ச நாளில், மாமாவின் ஜீப்பு டிரைவர் காசிமாயன் வாசலில் நின்று சேதி சொன்னான். "ஞாயித்துக்கெழம பெரியவரு வர்றாராம். பாப்பாவும் வருது. மருந்து நிப்பாட்டியாச்சுன்னு தவசியண்ணே சொல்லிவிட்டாரில்ல, அதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அக்காவுக்கு அப்போதும் கால் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கால்தான? நின்ன மாதிரிதான்."

காப்பியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சேர்ந்து குடித்தே ஆக வேண்டும். அக்காவின் தம்ளரில் மட்டும் சுக்குமல்லியை ஊற்றிவிடலாம், பால் கூட்டினால் நிறம் தெரியாது என்றேன். அம்மா சரியென்றாள். விருந்தாளிகளுக்காகப் புதிதாக வறுத்து அரைத்தாள். அத்தனை மாதங்களுக்குப் பிறகு வீட்டில் அந்த வாசனை எழுந்தபோது, அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காலையிலேயே வந்தார்கள். மாமா முன்னால் வர, மொக்கம்மாள் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க மதினி, வாங்கண்ணே" என்று அம்மா வாசலுக்கு ஓடினாள். அத்தை உள்ளே வந்ததும் முதலில் அக்காவின் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு தெளிஞ்சிருக்கு" என்றாள் மாமாவிடம்.

குழந்தைக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருங்கி மினுங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"கிளி" என்றாள்.

குழந்தை நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. முற்றத்தைப் பார்த்தது. "எங்க கிளி?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா உரக்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அதன் பிறகு அவள் குழந்தையைக் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஐந்து கூழாங்கற்களை எடுத்துப் போட்டுத் தட்டாங்கல் ஆடத் தொடங்கினாள். ஒரு கல்லை மேலே வீசிவிட்டுக் கீழே கிடப்பதை அள்ளி, விழுகிற கல்லையும் பிடித்தாள். ஒன்று, இரண்டு, பிறகு நான்கையும் ஒரே அள்ளாக. சின்ன வயதில் தெருவில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. குழந்தை அத்தையின் சேலையை விட்டுவிட்டு அருகில் வந்து குந்தியது.

"இன்னொருக்கா" என்றது.

அக்கா ஆடினாள். ஒரு கல்கூடத் தவறவில்லை. குழந்தை கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் மடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டது. அக்கா அசையவே இல்லை. குருவி வந்து உட்கார்ந்தால் எப்படி இருப்போமோ அப்படி இருந்தாள்.

மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை அவர். மகனைப் பறிகொடுத்தவர். "பள்ளிக்கூடம் தெறக்கிறப்ப இங்கனயே சேத்துருவமா மாப்ளே?" என்று அப்பாவைக் கேட்டார். "மேல ஒத்த வாத்தியாரு. அவரும் மழைன்னா வர்றதில்ல."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா அடுப்படிக்கு ஓடினாள்.

தட்டை நான்தான் கொண்டுவந்தேன். அக்காவின் தம்ளரை ஓரத்தில் வைத்திருந்தேன். மாமாவுக்குக் கொடுத்து, அத்தைக்குக் கொடுத்து, அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு அக்காவிடம் குனிந்தபோது அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

"அது என்ன சுக்கு வாடை? அவளுக்கு மட்டும் தனியா?"

"சும்மா, ஒடம்புக்கு ஆகட்டும்னு…" என்றாள் அம்மா.

"மருந்தா?"

"இல்ல மதினி, சுக்கு, மல்லி."

மாமா உதட்டருகே கொண்டுபோன தம்ளரைக் கீழே வைத்தார். "நிப்பாட்டியாச்சுன்னுதான மாப்ளே சொல்லிவிட்டீக?"

"ஆமா மச்சான். இது மருந்தில்ல."

"மருந்தில்லேன்னா எல்லாரும் ஒண்ணையே குடிக்க வேண்டியதுதான?" என்றாள் அத்தை. "காரியம் அவளுக்காக. அவ குடிக்காம நாங்க என்னன்னு குடிக்க?"

குழந்தை ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தது.

"பாண்டி, எனக்கும் காப்பி கொண்டா" என்றாள் அக்கா என்னிடம்.

நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

"கொண்டாடி."

அம்மாவே கொண்டுவந்தாள். அக்கா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மாமா குடித்தார். அத்தையும் அப்பாவும் குடித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாங்கல் தீர்ந்தது.

பேச்சு ஏலக்காய்க்குப் போனது. செடியில் தண்டு துளைக்கும் புழு, சாக்கு கிடைக்காதது, மேலே இந்த வருஷத்துப் பனி. நான் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. உடம்பு பழகிவிட்டது போலும் என்று நினைத்தேன். அம்மா சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள்.

முதலில் அக்காவின் மேலுதட்டில் வேர்வை வந்தது. அவள் அதைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு துடிப்பது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"இன்னொருக்கா" என்றது குழந்தை, கற்களை அவள் முன்னால் தள்ளி.

"அப்பறம் தங்கம்."

"இப்பவே."

அக்கா ஒரு கல்லை வீசினாள். அது விரல்களில் பட்டுத் தெறித்தது. மறுபடி வீசினாள். கீழே கிடந்த கற்களை அள்ளப் போன கை தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. குழந்தை அதுவும் ஆட்டம் என்று நினைத்துச் சிரித்தது. "கை ஆடுது! அப்பத்தா, கை ஆடுது பாரு!" என்று அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. நடுக்கம் நிற்கவில்லை. குழந்தையின் கைகளும் சேர்ந்து ஆடின. அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. சிரிப்பு போய்விட்டது. கையை உதறிவிட்டு ஓடி அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அக்கா எழுந்தாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். மூச்சு வாயால் போய்வந்தது.

"என்னாத்தா இது?" என்றாள் அத்தை. திட்டும் குரல் இல்லை. பயந்த குரல்தான். "இவ்வளவு நேரம் நல்லாத்தான இருந்தா? மாத்திரை சாப்பிட்டப்பகூட இப்படி இல்லையே."

நான் சொன்னேன். விருந்தாளிகள் முன்னால் நான் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"காப்பியாலதான் மாமா. இன்னும் கால் மாத்திரை இருக்கு. அது கொறையக் கொறைய ஒடம்பு படபடன்னு ஆகும். காப்பி அத இன்னும் கூட்டிவிடும். நெறைய மாசமா அக்கா குடிக்கவே இல்ல. அதுக்குத்தான் டாக்டர் வேண்டாம்னாங்க. இது சீக்கு இல்ல. கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். மாத்திரை முழுசா நின்னு, இன்னும் கொஞ்சநாள் போனா, காப்பி குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

மாமா குறுக்கிடாமல் முழுதும் கேட்டார். கால் மாத்திரை என்ற இடத்தில் அப்பாவை ஒரு தடவை பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா. தம்ளரை விரலால் நகர்த்தினார். "ஒரு தம்ளர் காப்பியத் தாங்கல. ஒரு புள்ளையத் தாங்குமாத்தா அந்த ஒடம்பு?"

அதில் ஒரு தவறு இருந்தது. அது எங்கே என்றும் எனக்குத் தெரிந்தது. காப்பியைத் தாங்குவதும் பிள்ளையைத் தாங்குவதும் ஒன்றில்லை என்று சொல்ல வேண்டும். அவளுக்காகத்தானே இத்தனை மாதம் இந்த உடம்பு இதைத் தாங்கியது என்று சொல்ல வேண்டும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். "மாமா, கொஞ்ச நேரம் இருங்க" என்றாள். பற்கள் அடித்துக்கொண்டன. "நின்னுரும். பாத்துட்டுப் போங்க. சாப்பிட்டுப் போங்க."

"மேல பனி எறங்கிரும் சந்திரா. வளைவெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."

"மத்தியானம்கூட ஆகலையே மாமா."

மாமா எழுந்துவிட்டார். அப்பாவும் எழுந்தார். "மச்சான், நீங்க குடுத்த சொல்லு…"

"காப்பி குடிச்சாச்சு மாப்ளே" என்றார் மாமா மெதுவாக. "இனிமே ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒரு தாங்கலும் இல்ல. நல்லது கெட்டதுக்கு வருவோம், போவோம். புள்ள மேலயே வளரட்டும். சின்னவன் பொண்டாட்டி நல்லாப் பாத்துக்கிடுறா. இவ ஒடம்பப் பாருங்க."

சேர்ந்து குடித்த காப்பி இன்னும் ஈரமாகத் தம்ளர்களின் அடியில் இருந்தது. அதன் முன்னால் நின்று சண்டை போட அப்பாவுக்குத் தெரியாது.

அம்மாதான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, டிக்காசனக் கெட்டியா எறக்கிட்டேன். ஒங்களுக்கு அப்படித்தான் புடிக்கும்னு. தண்ணியாப் போட்டிருந்தா இப்படி ஆயிருக்காது. எம்மேலதான் தப்பு மதினி."

அத்தை அழுதாள். அழுதுகொண்டே குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். குழந்தை பார்க்கும்போது கை ஆடக்கூடாது என்று நினைத்திருப்பாள். வாசலில் குழந்தை அத்தையின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தது.

"அந்தக் கல்லு?"

நான் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தேன். இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டது.

"அத யாரு குடுத்தாகன்னு தெரியுமா?" என்றேன்.

"கை ஆடுற அத்தை" என்றது.

ஜீப்பு கிளம்பியது. அப்பா உள்ளே வரவில்லை. களத்துக்குப் போகும் வழியில் நடந்தார், ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும். அம்மா களைந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அடுப்படியில் சுவரோரம் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை சொன்னதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. வேர்வை காய்ந்தது. ரொம்ப நேரம் கழித்து, தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து என் முன்னால் நீட்டினாள். விரல்களை விரித்துப் பிடித்தாள். அவை அசையவில்லை.

"நின்னுருச்சு" என்றாள். "நீ சொன்ன மாதிரியே நின்னுருச்சு பாண்டி. பாரு."

"ஆமாக்கா."

"மாமாகிட்டப் போயிச் சொல்லு."

"அவுக போயிட்டாகக்கா."

"முந்தல் செக்போஸ்ட்டுல வண்டி நிக்கும். பஸ்சப் புடிச்சா எட்டிரலாம். வெரசாப் போடி. நின்னுருச்சுன்னு சொல்லு. வந்து பாக்கச் சொல்லு."

கைகளை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்ப ஆடிவிடுமோ என்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வரை வேகமாக நடந்தேன். மேற்கே மலையில் ரோட்டின் முதல் வளைவுகள் மட்டும் தெரிந்தன, அதற்கு மேலே பனி இறங்கியிருந்தது. இந்நேரம் அவர்கள் அடிவாரத்து முந்தலை விட்டுப் போடிமெட்டையே தாண்டியிருப்பார்கள்.

முந்தலுக்குப் போய்த் திரும்பியதாக அவள் நம்ப வேண்டுமென்றால், எவ்வளவு நேரம் இங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.